ஓதக் கற்ற குரல்

எகிப்தின் தலைநகராகிய கெய்ரோவில் 1869ஆம் ஆண்டு ஓர் ஓபரா மாளிகை எழுந்தது. சூயஸ் கால்வாய்த் திறப்பு விழாக் காலத்தில், ஐரோப்பிய நாகரிகத்துக்குத் தம் நாடு சளைத்ததன்று என்று காட்ட விரும்பிய கெதீவ் இஸ்மாயீல் கட்டுவித்த மாளிகை அது. இத்தாலிய இசைமேதை வெர்டியின் 'ரிகொலெத்தோ' என்னும் இசைநாடகத்துடன் அதன் கதவுகள் திறந்தன. ஈராண்டுகள் கழித்து, 1871 டிசம்பர் 24ஆம் நாள், அதே வெர்டி பண்டை எகிப்தைக் களமாக்கி இயற்றிய 'ஆயிதா' அம்மேடையில் அரங்கேறிற்று. கதை எகிப்தின் கதை. மேடை எகிப்தின் மேடை. பாட்டின் மொழியோ இத்தாலி. நைல் நதிக்கரையில் ஏர் பிடித்த உழவன் அங்கு வந்து கேட்டிருந்தால் ஒரு சொல்லும் அவனுக்கு விளங்கியிராது.

1971 அக்டோபர் 28 அன்று அந்த மாளிகை தீக்கிரையாயிற்று. அது நின்றிருந்த நூறாண்டுகளில் எகிப்து தன் குரலெனக் கொண்டாடிய குரல் அங்கே பயின்றதன்று. கழிமுக நாட்டுச் சிற்றூர் ஒன்றில், பள்ளிவாசல் இமாம் ஒருவரின் வீட்டில், திருமறை ஓதப் பழகிய குரல் அது. உம்மு குல்தூம் என்னும் பெயரை நம் வாசகர்களில் பலர் கேள்வியுற்றிருப்பர். அரபு நாடுகளில் பணிபுரிந்து திரும்பியோர் அக்குரலைத் தேநீர்க் கடைகளிலும் வாடகை வண்டிகளிலும் கேட்டிருப்பர்.

மேலைநாட்டு எழுத்தாளர்கள் அவரை அறிமுகப்படுத்தும்போது மாபெரும் ஓபராப் பாடகியர் வரிசையில் வைத்துப் பேசுவது வழக்கம். குரலின் வலிமை, மூச்சின் நீளம், மேடையில் நின்ற கம்பீரம் ஆகியவற்றைக் கருதினால் அந்த ஒப்பீடு பொருந்தும். ஆயினும் அவருடைய கலையின் உயிர்நிலை அந்த ஒப்பீட்டில் அகப்படுவதில்லை. சொல்லின் பொருளைத் துலக்குவதற்கே அவர் தம் குரல் முழுவதையும் செலவிட்டார். அந்தப் பயிற்சி அவருக்கு எங்கிருந்து வந்தது, அது அவரை எதுவரை கொண்டு சென்றது, எவ்விடத்தில் தளர்ந்தது என்பவற்றை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

இசை குறித்து நம் உலமாக்களிடையே நெடுங்காலமாகக் கருத்து வேற்றுமை உண்டு. வாத்திய இசையை முற்றாக விலக்குவோரும், வரம்புகளோடு இசைவோரும் இருக்கின்றனர். அத்தீர்ப்பை வழங்கும் தகுதி இக்கட்டுரையாளனுக்கு இல்லை; அதனை அறிந்தோரிடமே விட்டுவிடுகிறேன். இங்கே ஆராயப்படுவது ஒருவரின் சொல்லாட்சி. இசைப்பாட்டைக் கேட்க விரும்பாதவரும் எண்ணிப் பார்க்கத்தக்க செய்தி அதில் உண்டு.

தகஹ்லிய்யா மாகாணத்தில் உள்ள தம்மாய் அஸ்-ஸஹாயிரா என்னும் சிற்றூரின் இமாம் ஷெய்க் இப்ராஹீம். தமக்குப் பிறந்த பெண் மகவுக்கு நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் அருமை மகளாரது பெயரை அவர் சூட்டினார். பள்ளிவாசல் ஊதியம் குடும்பத்துக்குப் போதாமையால், திருமண வீடுகளிலும் விழா நாட்களிலும் நபிபுகழ்ப் பாக்களைப் பாடிச் சிறிது பொருள் ஈட்டிவந்தார். மகன் காலிதுக்கு அப்பாக்களை அவர் கற்பித்தபோது, அருகிருந்த சிறுமி அவற்றைக் கேட்டே மனத்தில் இருத்திக்கொண்டாள். ஒருநாள் அவள் பாடக் கேட்ட தந்தை வியந்து, அவளையும் தம் குழுவில் சேர்த்துக்கொண்டார். பெண்பிள்ளையைப் பலர்முன் நிறுத்த அவர் மனம் இடந்தரவில்லை. எனவே ஆண்பிள்ளையின் நீண்ட அங்கியும் தலைத்துணியும் அணிவித்து ஊர் ஊராக அழைத்துச் சென்றார்.

அச்சிறுமி நம் ஊர் மக்தபுக்கு ஒப்பான குத்தாபிலும் பயின்றாள். அங்கே கற்பிக்கப்பட்டது யாது? திருமறையை முறைப்படி ஓதுதல். ஒவ்வோர் எழுத்தும் பிறக்கும் இடமாகிய மக்ரஜ் பிசகலாகாது. ஸீன் ஸாதாக மாறலாகாது. ஐன் அலிஃபாகத் தேயலாகாது. நீட்ட வேண்டிய இடத்தில் நீட்டவேண்டும். மூக்கொலி கூட்ட வேண்டிய இடத்தில் கூட்டவேண்டும். இவை எல்லாவற்றினும் மேலாக, எங்கே நிறுத்துவது என்று அறியவேண்டும். ஓரிடத்தில் நிறுத்தினால் பொருள் நிறைவுறும். மற்றோரிடத்தில் நிறுத்தினால் பொருள் திரிந்து பிழையாகிவிடும். ஆகவே தஜ்வீத் என்பது வெறும் நாப்பயிற்சி அன்று. மூச்சைப் பொருளுக்கு அடங்கச் செய்யும் பயிற்சி அது.

பிற்காலத்தில் அவர் பாடிய எந்தப் பாட்டைக் கேட்பினும் இப்பயிற்சியின் தடத்தைக் காணலாம். தொண்டையில் பிறக்கும் எழுத்துகள் தொண்டையிலிருந்தே எழுகின்றன. உச்சத்தில் நிற்கும்போதும் மெய்யொலிகளின் கூர்மை மழுங்குவதில்லை. 1945ஆம் ஆண்டு வெளிவந்த 'சல்லாமா' என்னும் திரைப்படத்தில் சில ஆயத்துகளை அவர் ஓதியிருக்கிறார். அதனையும் அவருடைய கசீதாக்களையும் அடுத்தடுத்துக் கேட்பவர், இரண்டுக்கும் அடியில் ஒரே நாப்பழக்கம் இருப்பதை உணர்வர்.

ஓபராவின் தேவை வேறு. ஓபராப் பாடகர் ஒலிபெருக்கியின் துணையின்றிப் பெரும் வாத்தியக் குழுவின் முழக்கத்தைக் கடந்து மண்டபத்தின் கடைசி வரிசை வரை தம் குரலைச் செலுத்தவேண்டியவர். அதன் பொருட்டு உயிரொலிகளை உருட்டித் திரட்டிக்கொள்கிறார். உச்ச இடங்களில் சொல்லின் வடிவம் மங்கிப்போவதும் உண்டு. கேட்போர் அதைப் பெருங்குறையாகக் கொள்வதில்லை. அன்றியும், அவர் பாடவேண்டிய ஒவ்வொரு சுரத்தையும் இசையமைப்பாளர் முன்னரே எழுதி வைத்துவிடுகிறார். எழுதியதைப் பழுதின்றி உயிர்ப்பிப்பதே அவருடைய பெருமை. உம்மு குல்தூமின் மரபிலோ, மெட்டு ஒரு பாதை மட்டுமே. அப்பாதையில் எங்கே நிற்பது, எங்கே திரும்புவது என்பதை அவையின் முகம் பார்த்துப் பாடுபவரே முடிவு செய்யவேண்டும்.

1920களின் தொடக்கத்தில் அவர் குடும்பத்தோடு கெய்ரோவுக்குக் குடிபெயர்ந்தார். நாட்டுப்புறத்து உடையும், வாத்தியம் இல்லாமல் உறவினர் மட்டும் சூழ்ந்து பாடும் முறையும் தலைநகரத்துக்குப் புதியன அல்ல, பழையன. பழமை கண்டு நகைத்தோர் பலர். ஆயினும் இருவர் அவருடைய வாழ்வின் போக்கை மாற்றினர். ஒருவர் ஷெய்க் அபுல் அலா முஹம்மத். பழைய கசீதாக்களைப் பாடுவதில் தேர்ந்தவர். பாடும் அடியின் பொருளை முதலில் உணர்ந்துகொள்ளவேண்டும் என்னும் பாடத்தைத் தம் மாணவிக்குப் புகட்டியவர். 1927ஆம் ஆண்டு அவர் மறைந்தார். மற்றவர் கவிஞர் அஹ்மத் ராமி. பாரிஸ் நகரில் பாரசீகம் பயின்று, உமர் கய்யாமின் பாக்களை மூலத்திலிருந்தே அரபியில் பெயர்த்தவர். நூல்களைக் கொண்டுவந்து கொடுத்து அரபுக் கவிதையின் பரப்பை அவருக்குக் காட்டினார். வாழ்நாள் முழுவதும் அவருக்காக எண்ணற்ற பாடல்களும் எழுதினார். மக்தபில் நாப்பயிற்சி பெற்ற பெண், கெய்ரோவில் பொருட்பயிற்சி பெற்றாள் எனலாம்.

1926ஆம் ஆண்டில் உறவினர் குழுவை விடுத்து, ஊத், கானூன், வயலின் ஆகிய கருவிகளில் வல்ல கலைஞர்களை அவர் தம் பின்னே அமர்த்திக்கொண்டார். ஊத் வாசித்தவர் முஹம்மத் அல்-கஸப்ஜி. சிறந்த இசையமைப்பாளரும் ஆவார். அக்காலத்தில் கெய்ரோவின் முதன்மைப் பாடகி முனீரா அல்-மஹ்திய்யா. அவருடைய அரசு இசைநாடக மேடை. 1927ஆம் ஆண்டு அவர் கிளியோபாத்ராவாகத் தோன்றிய அரபு இசைநாடகம் ஓபரா மரபைத் தழுவ முயன்ற முயற்சிகளுள் குறிப்பிடத்தக்கது. உம்மு குல்தூம் அந்த வழியில் செல்லவில்லை. வேடம் புனையாமல், கதை மாந்தராக மாறாமல், கையில் ஒரு கைக்குட்டையோடு அவை முன் நின்று பாடுவதையே அவர் தேர்ந்தார்.

ஒரே ஒருமுறை அவர் ஓபராவை நெருங்கியதுண்டு. 1936 முதல் 1947 வரை ஆறு திரைப்படங்களில் அவர் நடித்தார். அவற்றுள் 1942ஆம் ஆண்டுப் படத்தின் பெயரே 'ஆயிதா'. படத்தின் உள்ளே ஓபரா பாணியில் அமைந்த இசைக்காட்சி ஒன்று இடம்பெற்றது. மக்கள் அதை ஏற்கவில்லை, படம் தோல்வியுற்றது. இத்தோல்வியில் ஒரு பாடம் உண்டு. ஓபராவில் பாத்திரம் பாடுகிறது, கேட்போர் பார்த்திருக்கின்றனர். உம்மு குல்தூமிடம் மக்கள் வேண்டியதோ பாத்திரத்தை அன்று. தம்மை நோக்கி ஓர் அடியைச் சொல்லி, தம் பதிலைக் கேட்டு, அதே அடியைப் புதிதாகத் திருப்பிச் சொல்லும் ஒருவரையே அவர்கள் வேண்டினர்.

1934ஆம் ஆண்டு மே 31 அன்று எகிப்திய வானொலி தொடங்கப்பட்டது. அதன்பின் மாதத்தின் முதல் வியாழன் இரவு அவருடைய கச்சேரி ஒலிபரப்பாவது மரபாயிற்று. ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் அம்மரபு நீடித்தது. மொரோக்கோவிலிருந்து ஈராக் வரை அந்த இரவுகளில் கடைத்தெருக்கள் ஓய்ந்து வானொலிப் பெட்டிகள் மட்டும் ஒலித்தன என்பர். ஓர் இரவில் இரண்டு மூன்று பாடல்களே. ஒரு பாடல் ஒரு மணி நேரத்தையும் கடக்கும். முன்பின் அறியாதவர் இந்நீளம் கண்டு திகைப்பர். திரும்பத் திரும்ப ஒரே அடியைப் பாடுவதில் என்ன இருக்கிறது என வினவுவர்.

அவ்வினாவுக்கு விடையே அவருடைய கலை. ஓர் அடியை முதலில் அவர் செய்தியாகச் சொல்கிறார். அவையினர் ஆரவாரிக்கின்றனர். மீண்டும் அதே அடியை எடுத்து, இம்முறை ஒரு சொல்லின் மேல் தங்குகிறார், செய்தி கேள்வியாகிறது. மூன்றாம் முறை மகாம் எனப்படும் பண்ணைச் சற்றே மாற்றுகிறார்; கேள்வி முறையீடாகிறது. நான்காம் முறை குரலைத் தாழ்த்தித் தமக்குள் பேசுவதுபோல் முடிக்கிறார். சொற்கள் ஒன்றேனும் மாறவில்லை. பொருள் நான்கு வகையாக விரிந்துவிட்டது. அறிஞர் ஒருவர் ஏட்டில் எழுதும் உரையை அவர் குரலால் எழுதினார் என்றால் மிகையாகாது. உரைகாரர் போன்றே, மூலத்தைச் சிதைக்காமல் அதில் மறைந்து கிடப்பதை வெளிக்கொணர்வதே அவர் செய்தது.

இத்திறம் முழுமையாக வெளிப்பட்ட இடம், 1946ஆம் ஆண்டில் ரியாத் அஸ்-ஸுன்பாத்தியின் இசையமைப்பில் அவர் பாடத் தொடங்கிய அஹ்மத் ஷவ்கியின் கசீதாக்கள். 'கவிஞர்களின் அமீர்' எனப் போற்றப்பட்ட ஷவ்கி 1932ஆம் ஆண்டே மறைந்துவிட்டார். அவருடைய கசீதாக்களின் உயர்நடை படித்தோருக்கே கடினம். திரைப்பாட்டுக்கும் பேச்சுமொழிப் பாட்டுக்கும் பழகிய மக்கள் அவற்றைக் கேட்பார்களா என்று ஐயுற இடமிருந்தது. பெருமானாரின் பிறப்பைப் போற்றும் கசீதாவும், 'நஹ்ஜுல் புர்தா'வும் அவற்றுள் அடங்கும். இமாம் பூஸிரியின் புர்தாவின் அடிச்சுவட்டில், அதே யாப்பில் ஷவ்கி யாத்தது பின்னது. காயல்பட்டினம், கீழக்கரை முதலிய நம் கடற்கரை ஊர்களில் தலைமுறை தலைமுறையாக ஓதப்பட்டுவரும் அதே புர்தா ஷரீபின் வழித்தோன்றல் என்பதை இங்கு நினைவூட்ட வேண்டியதில்லை.

கடினமான அக்கசீதாக்களை எழுத்தறியாத உழவனும் கேட்டான். அடிகளை மனப்பாடமாகச் சொன்னான். அவற்றுள் ஒன்றில், வெறும் விருப்பத்தால் எதுவும் கைகூடாது, முயன்றே வெல்லவேண்டும் என்னும் கருத்தமைந்த ஓர் அடி வருகிறது. ஆங்கிலப் படை இன்னும் எகிப்திய மண்ணைவிட்டு அகலாத காலம் அது. அந்த அடியை அவர் பாடியபோது அவை கொந்தளித்தது. கவிஞர் நீதிமொழியாகச் சொன்னதை, மக்கள் விடுதலைக் குரலாகக் கேட்டனர். அவ்வாறு கேட்கும் அளவுக்கு அச்சொற்கள் அவர்களுக்குத் தெளிவாகப் போய்ச் சேர்ந்தன என்பதே நாம் கவனிக்க வேண்டியது.

1955ஆம் ஆண்டு பஸ்ராவின் இறைநேசச் செல்வி ராபியா அதவிய்யா (ரஹ்) அவர்களைப் பற்றிய வானொலித் தொடருக்காக அவர் பாடிய பாடல்களும் இவ்வரிசையில் சேர்பவை. 1967ஆம் ஆண்டில் அவர் பாடிய 'ஹதீஸுர் ரூஹ்' நமக்கு இன்னும் நெருக்கமானது. அல்லாமா இக்பால் 1911ஆம் ஆண்டு லாகூரில் பாடிய 'ஷிக்வா'வையும், பின்னர் எழுதிய 'ஜவாபே ஷிக்வா'வையும் தழுவி, எகிப்தின் அஸ்-ஸாவி ஷஃலான் அரபியில் அமைத்த பாடல் அது. இந்திய மண்ணில் பிறந்த ஒரு முறையீட்டை அரபு மக்கள் தங்கள் முறையீடாகக் கேட்டு நெகிழ்ந்தனர். இக்பாலின் உருதுவை அறியாதோர் அவருடைய உள்ளத்தை அறிந்தது அக்குரலின் வழியேதான்.

இவ்வளவு கூறியபின் குறைகளையும் கூறாது விடுவது திறனாய்வாகாது. 1964ஆம் ஆண்டு முஹம்மத் அப்துல் வஹ்ஹாபின் இசையில் 'இன்த உம்ரீ' வெளியானது. இருபெரும் கலைஞர்களின் முதற் கூட்டுறவு என்பதால் அரபுலகமே அதைக் கொண்டாடியது. மின்கிட்டார் ஒலித்தது, நெடிய வாத்திய முன்னுரை அமைந்தது. இன்றும் அவர் பாடல்களில் மிகுதியாகக் கேட்கப்படுபவற்றுள் அது ஒன்று. ஆனால் கூர்ந்து கேட்பவருக்கு, வாத்தியம் தானே பேசத் தொடங்கிச் சொல் காத்திருக்கும் நிலை அங்கே புலனாகும். ஸுன்பாத்தியின் கசீதாக்களில் இசை சொல்லுக்குப் பணிந்து நின்றது. இங்கே சொல் இசைக்கு வழிவிடுகிறது. காதற்பாட்டின் எளிய வரிகள், ஷவ்கியின் அடிகளைப்போல் நான்கு பொருள் தாங்கும் வலுவுள்ளவை அல்ல. திரும்பத் திரும்பப் பாடும்போது சில இடங்களில் விளக்கம் தேய்ந்து வெறும் சுவையே எஞ்சுகிறது.

1966ஆம் ஆண்டின் 'அல்-அத்லால்' இக்குறையை ஈடுசெய்தது எனலாம். இப்ராஹீம் நாஜி இயற்றிய, பாழ்பட்ட மனையைக் கண்டு இரங்கும் பழைய அரபு மரபைத் தொட்டெழுந்த கவிதை அது, இசை ஸுன்பாத்தியுடையது. நாஜியின் மற்றொரு கவிதையிலிருந்தும் சில அடிகள் அதில் எடுத்து இணைக்கப்பட்டுள்ளன. கவிஞர் 1953ஆம் ஆண்டே மறைந்துவிட்டமையால் அவருடைய இசைவைப் பெற வழியில்லை. கவிதையைக் கத்தரித்து ஒட்டும் உரிமை பாடுபவருக்கு உண்டா என்னும் வினா நியாயமானதே. பாடலின் கட்டுக்கோப்பு அதனால் சிறந்தது என்பது என் எண்ணம். கவிதையை அறிந்து போற்றுவோர் மாறுபடலாம்.

1967 ஜூன் போரின் தோல்விக்குப்பின் வேறொரு குற்றச்சாட்டும் எழுந்தது. மணிக்கணக்கில் நீளும் பாடல்களால் மக்களை மயக்கத்தில் ஆழ்த்தினார் என்று சிலர் சாடினர். அவர் வாதாடிக் கொண்டிருக்கவில்லை. எகிப்தின் நகரங்களிலும், பாரிஸிலும், அரபு நாடுகள் பலவற்றிலும் பாடி, ஈட்டிய பெரும்பொருளை நாட்டின் மீட்சிக்கு அளித்தார். செயல் உயர்ந்தது. ஆயினும் அச்சாட்டில் சிறிதளவு உண்மை உண்டு என்றே கருதுகிறேன். பொருள் மங்கிச் சுவை மட்டும் மிகும்போது பாட்டு மயக்கமாகிறது. அவருடைய சிறந்த பாடல்கள் மக்களை விழிக்கச் செய்தன. தளர்ந்த பாடல்கள் கண்ணயரச் செய்தன. இரண்டையும் பிரிக்கும் கோடு, அவர் மக்தபில் கற்றுக்கொண்ட அதே கோடுதான்: மூச்சு பொருளுக்கு அடங்குகிறதா, பொருள் மூச்சுக்கு அடங்குகிறதா என்பது.

1975 பிப்ரவரி 3ஆம் நாள் உம்மு குல்தூம் மறைந்தார். ஜனாஸாவை அரசு வகுத்த வழியில் கொண்டு செல்ல இயலவில்லை. பெருந்திரளான மக்கள் அதைத் தம் தோள்களில் வாங்கி, தெருத்தெருவாகச் சுமந்து, ஹுசைன் பள்ளிவாசலை நோக்கிச் சென்றனர். ஓர் இமாமின் மகளாகப் புறப்பட்ட பயணம் பள்ளிவாசல் முற்றத்திலேயே நிறைவெய்தியது.

நம் ஊர்களிலும் மக்தபுகள் உள்ளன. விடியற்காலையில் தலைத்துணி அணிந்து கிதாபை நெஞ்சோடு அணைத்துச் செல்லும் சிறுவர் சிறுமியர் ஐனையும் ஸாதையும் பழுதின்றி ஒலிக்கக் கற்கின்றனர். அவ்வொலி கேட்டு நாம் மகிழ்கிறோம். ஹத்ம் விழா நடத்திப் பரிசளிக்கிறோம். அத்துடன் பெரும்பாலும் நம் முயற்சி நின்றுவிடுகிறது. புர்தாவை இனிய குரலில் ஓதும் நம்மில் எத்தனை பேர் அதன் ஓரடிக்கேனும் பொருள் சொல்லவல்லோம்? பொருளறியாமல் ஓதினும் நன்மை உண்டு என்பதில் ஐயமில்லை. ஆனால் தம்மாய் சிற்றூரின் சிறுமிக்கு ஒலிப்பயிற்சி தொடக்கமாக மட்டுமே இருந்தது. பொருளைத் தேடி அவள் ஷெய்க் ஒருவரிடமும் கவிஞர் ஒருவரிடமும் மாணவியாக அமர்ந்தாள். நம் பிள்ளைகளை அவளைப்போல் மேடைக்கு அனுப்ப நாம் விரும்பாதிருக்கலாம். அது நம் மரபும் மனச்சான்றும் பற்றியது. அவள் அமர்ந்த அந்த இரண்டாவது பள்ளிக்கு, பொருள் கற்பிக்கும் பள்ளிக்கு, அவர்களை அனுப்பாதிருக்க நமக்கு எந்தக் காரணமும் இல்லை.